கற்பிக்கத் தக்கவர் யார்?

படித்தல், எழுதுதல், பாடஞ் சொல்லுதல், பிள்ளை வளர்த்தல் ஆகிய நான்கும் இல்லறத்தார் பலருக்கு அன்றாடம் வாய்க்கும் தொழில்களாம். இவை வெவ்வேறு போலத் தோன்றினும் நான்கிலும் வழங்குவது சொல் ஒன்றே. படிக்கும்போது பிறர் சொல் நம்முள் புகுகின்றது. எழுதும்போது நம் சொல் நாம் காணாதவரிடம் செல்லுகின்றது. வகுப்பறையில் அது பிறர் மக்களிடத்தும், வீட்டில் நம் மக்களிடத்தும் செல்லுகின்றது. ஆதலின் இந்நான்கிலும் ஒரே கேள்வி எழுகின்றது. தான் இன்னும் முற்றக் கைக்கொள்ளாத ஓர் அறத்தை ஒருவன் பிறருக்குக் கற்பிக்கலாமா? கோபத்தை வெல்லாதவன் பொறுமையைப் பற்றி எழுதலாமா? பொருளாசை நீங்காதவன் தன் மகனுக்குத் தானத்தின் பெருமையை எடுத்துரைக்கலாமா?

இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஏதேனும் ஒருநாள், ‘நீங்கள் மட்டும் அப்படிச் செய்யலாமா, அப்பா?’ என்று ஒரு சிறு குரல் கேட்கத்தான் செய்கின்றது. அக்குரலுக்கு நாம் என்ன விடையளிக்கின்றோம் என்பதைப் பொறுத்தே அப்பிள்ளை சொல் என்பதன் மதிப்பை அறிந்துகொள்ளுகின்றது.

இரண்டு விடைகள்

உலகத்தார் இதற்கு இருவகையாக விடை கூறுவர். முதலாமவர், ‘குற்றமற்றவனே வாய் திறக்கத் தக்கவன், ஏனையோர் அடங்கியிருக்க வேண்டும்’ என்பர். இது நேர்மையான விடை போலத் தோன்றும். ஆயினும் இதனைக் கடைப்பிடித்தால் உலகில் ஒரு பள்ளியும் நடவாது. ஒரு தாயும் தன் குழந்தைக்கு நல்லது தீயது சொல்ல இயலாது. அன்றியும், ‘நான் இன்னும் தகுதி பெறவில்லை’ என்று கூறி ஒதுங்குபவர் பலர் பணிவினால் ஒதுங்குவதில்லை. பிறருக்குச் சொன்னால் தாமும் அவ்வாறு ஒழுக வேண்டிவருமே என்ற அச்சத்தினால் ஒதுங்குகின்றனர்.

இரண்டாமவர், ‘சொல்பவனைப் பார்க்க வேண்டாம், சொல்லைப் பார்த்தால் போதும், சாலையோரத்து மைல்கல் தான் நடக்கின்றதா? ஆயினும் வழி காட்டவில்லையா?’ என்பர். மைல்கல் ஊர்ப்பெயரையும் தொலைவையும் மட்டுமே தெரிவிக்கின்றது. ‘நட’ என்று அது எவரையும் ஏவுவதில்லை. நடப்பது நன்மை என்று வாதிடுவதுமில்லை. அறங்கூறுவோனோ பிறரை ஏவுகின்றான். மேலும், சிறு பிள்ளைகள் மைல்கல்லைப் படித்து வழி அறிவதில்லை. முன்னே நடப்பவரின் முதுகைப் பார்த்தே பின்செல்லுகின்றனர். ஆதலின் இவ்விடையும் பொருந்தாது.

பௌத்த நூல்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழியைக் காட்டுகின்றன. மஜ்ஜிம நிகாயத்தின் 53-ஆம் சூத்திரத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. கபிலவத்து நகரில் சாக்கியர் புதிதாகக் கட்டிய மண்டபத்தில் பகவான் இரவு நெடுநேரம் அறமுரைத்தார். பின்னர்த் தமக்கு முதுகு வலிப்பதாகவும், மேற்கொண்டு ஆனந்தர் உரைக்குமாறும் கூறி ஓய்வெடுத்தார். ‘சேகன்’, அதாவது இன்னும் பயிற்சியில் இருப்பவன், நடக்கவேண்டிய நெறியைப் பற்றிப் பேசுமாறு பணித்தார். ஆனந்தர் அப்பொழுது அருகதர் அல்லர். அவரே ஒரு சேகர். பகவானின் பரிநிருவாணத்திற்குப் பின், முதற் சங்கம் கூடுதற்குச் சற்று முன்னரே அவர் அருகத நிலை எய்தினார் என்பது மரபு. பயிலுகின்றவனைப் பற்றிப் பயிலுகின்ற ஒருவரே உபதேசித்தார். ஆசான் எழுந்து அதனைப் பாராட்டினார். முடிந்த நிலையை எய்தியவரே பேசத் தக்கவர் என்பது பகவானின் கருத்தாயின், அன்றிரவு ஆனந்தர் பேசியிருக்க மாட்டார்.

இல்லறத்தாரின் பொறுப்பு

துறவியர்க்கே உரியது உபதேசம் என்று கருதுவாரும் உளர். மச்சிகாசண்டம் என்னும் ஊரினராகிய சித்த கிருகபதியை, அறமுரைக்கும் உபாசகருள் தலைசிறந்தவர் என்று பகவான் சிறப்பித்ததை அங்குத்தர நிகாயம் கூறுகின்றது. அவர் இல்லறத்தார்.

நம் தமிழ்ப் பௌத்தத்தின் அண்மைக்கால வரலாறும் இதனையே மெய்ப்பிக்கின்றது. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) குடும்பத்தவர், சித்த மருத்துவர். 1907 ஜூன் 19-ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கி, ஒரு பைசா விலைக்குச் சிந்தனையை ஏழை மக்களின் கையில் எட்டச்செய்தார். அதே 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்ட இலட்சுமி நரசு கல்லூரிப் பேராசிரியர். 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்திய அப்பாத்துரையாரும் இல்லறத்தில் நின்று தொண்டாற்றியவரே. தங்கவயலில் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. சுரங்கத் தொழிலாளரிடையே அவர்கள் விதைத்த எழுத்தோ இன்றும் படிக்கப்படுகின்றது.

இப்பெரியோர் படித்தனர், எழுதினர், கற்பித்தனர், குடும்பத்தையும் நடத்தினர். மடத்தின் மதிற்சுவர் அவர்களுக்குக் காப்பாக இருந்ததில்லை. காலையில் எழுதிய சொல்லை மாலையில் வீட்டார் அளந்து பார்க்கும் நிலையில் அவர்கள் வாழ்ந்தனர். நாமும் அந்நிலையினரே. ஆகவே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி நமக்கு விலக்க முடியாத கேள்வியாகும். நான்கு தொழில்களையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

படிப்பவன்

நூலைத் தவறாகப் பற்றிக்கொள்பவனைப் பாம்பை வாலில் பிடிப்பவனுக்கு ஒப்பிடுகின்றது மஜ்ஜிம நிகாயத்தின் 22-ஆம் சூத்திரம். பிறரைக் குறைகூறுவதற்கும், வாதில் வெல்வதற்கும் அறநூலைக் கற்பவனை அக்கல்வியே திரும்பிக் கடிக்கும் என்பது அதன் கருத்து. கவையுள்ள கோலால் தலையை அமுக்கிப் பிடிப்பவனுக்குப் பாம்பினால் தீங்கில்லை. பிடிக்கும் முறையிலேதான் கேடும் நலமும் உள்ளன.

இதனை அன்றாட வாழ்வில் வைத்துப் பார்ப்போம். ஓர் உபாசகர் இரவு உணவுக்குப் பின் மைத்திரி பாவனையைப் பற்றிய நூலொன்றைப் படித்துக்கொண்டிருக்கின்றார். எல்லா உயிர்களிடத்தும் அன்பு பரப்புவதைப் பற்றிய பக்கம் அது. அப்பொழுது அவர் மகள் கணக்கொன்று விளங்கவில்லையென்று ஏட்டுடன் வந்து நிற்கின்றாள். ‘படிக்கும்போது தொந்தரவு செய்யாதே’ என்று அவர் சீறுகின்றார். எண்ணிறந்த உயிர்களுக்கு அன்பு அனுப்பிக்கொண்டிருந்தவர் எதிரே நின்ற ஓர் உயிருக்கு அதனை அளிக்கவில்லை. நூல் அவர் கையில் இருந்தது; ஆயினும் அன்றிரவு அவர் படிக்க வேண்டிய பாடம் அக்கணக்கு ஏட்டில்தான் இருந்தது.

காலாமருக்குப் பகவான் உரைத்த அறிவுரை நம் சங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவதாகும். கேள்வி, மரபு, நூற்சான்று, குருவின் மதிப்பு ஆகியவற்றைக் கொண்டு மட்டும் ஒன்றை ஏற்க வேண்டாம் என்பதை நாம் பெருமையோடு கூறுகின்றோம். ஆனால் அவ்வறிவுரை அங்கே முடிவதில்லை. ஒன்றைக் கைக்கொண்டால் ஆசையும் வெகுளியும் மயக்கமும் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்று தாமே கண்டறியவேண்டும் என்பதே அதன் பிற்பாதி. முற்பாதி பிறர் நூலைச் சோதிப்பது. பிற்பாதி படிப்பவன் தன்னைச் சோதிப்பது. முற்பாதியோடு நின்றவன் அரைநூலே கற்றவன்.

எழுதுபவன்

எழுதுவோனுக்கு ஒரு வசதி உண்டு. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலாது. எழுதிய சொல்லையோ அச்சேறுமுன் பன்முறை திருத்தலாம். அதனால் எழுத்தில் நாம் நம் வாழ்வைவிடச் செப்பமானவராகத் தோன்றுகின்றோம். இது குற்றமன்று. ஆயின் அத்தோற்றத்தை நாமே நம்பத் தொடங்கும்போது கேடு விளைகின்றது.

எதைச் சொல்லலாம் என்பதற்கு அபயராஜகுமாரனுக்கு உரைத்த சூத்திரத்தில் தெளிவான அளவுகோல் ஒன்றுண்டு. பொய்யானதும் பயனற்றதுமான சொல்லைத் ததாகதர் சொல்லார். மெய்யாயினும் பயன்படாததைச் சொல்லார். மெய்யும் பயனுமுடையது கேட்போர்க்கு இனிதாயினும் கசப்பாயினும், அதற்குரிய காலமறிந்து சொல்லுவார். மெய், பயன், காலம் என்னும் இம்மூன்றும் எழுதுகோலைத் தொடுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளாம். இக்காலத்தில் கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் எழுத்தாளராகிவிட்டனர். வந்த செய்தியை மெய்யறியாமல் அடுத்தவர்க்கு அனுப்புவதும் சொல்லினால் செய்யும் வினையே. ‘நான் எழுதியதன்று, வந்ததை அனுப்பினேன்’ என்பது விடையாகாது. நஞ்சைக் காய்ச்சாதவனும் பரிமாறினால் பொறுப்பாளியாகின்றான்.

எழுதுவோன் கருத வேண்டியது மற்றொன்றும் உண்டு. ‘நீங்கள் இவ்வாறு ஒழுகுங்கள்’ என்று எழுதுவதற்கும், ‘நாம் இவ்வாறு ஒழுக முயல்வோம்’ என்று எழுதுவதற்கும் பெரிய வேறுபாடுண்டு. முன்னது எழுதுவோனை மேடையின் மேல் நிறுத்துகின்றது. பின்னது அவனைப் படிப்போருடன் ஒரே பாயில் அமர்த்துகின்றது. சேகராகிய ஆனந்தரின் இடம் அப்பாயே.

ஆசிரியன்

ஆறு திசைகளையும் வணங்கிநின்ற சிகாலன் என்னும் இளைஞனுக்கு, கீழ்த்திசை தாய் தந்தையர் என்றும், தென்திசை ஆசிரியர் என்றும் பகவான் பொருள் விரித்தார். மாணாக்கன் ஆசிரியனுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் ஐந்து. ஆசிரியன் மாணாக்கனுக்குச் செய்ய வேண்டியனவும் ஐந்து. நன்கு பயிற்றுதல், நன்கு மனங்கொள்ளச் செய்தல், கலைகளை ஒளியாது முழுவதும் கற்பித்தல், நண்பரிடத்தில் அவனைப் பற்றி நல்லுரை கூறுதல், எத்திசையிலும் அவனுக்குக் காப்பளித்தல் என்பன ஆசிரியனின் கடமைகள். இவ்வைந்தில் தண்டித்தல் என்பது இல்லை. அஞ்சச் செய்தலும் இல்லை. காப்பளித்தலே உள்ளது.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில், பள்ளியில் பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கின்றது. சட்டம் பிரம்பைத் தடுக்கலாம். எள்ளல் சொல்லையும், ‘உனக்கெல்லாம் படிப்பு எதற்கு?’ என்னும் பார்வையையும் முற்றத் தடுப்பது ஆசிரியனின் உள்ளமே. எழுத்து மறுக்கப்பட்டிருந்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அப்பார்வை பிரம்பினும் கொடியது. தன் பாட்டனார் எத்தனையோ தலைமுறையாகக் கேட்ட சொல்லை அது மீண்டும் கேட்கின்றது.

அறமுரைப்போன் தன்னுள் அமைத்துக்கொள்ள வேண்டிய ஐந்து நெறிகளை உதாயியைப் பற்றிய சூத்திரம் கூறுகின்றது. படிப்படியாக உரைத்தல், காரணங் காட்டி உரைத்தல், இரக்கங்கொண்டு உரைத்தல், பொருட்பயன் கருதாது உரைத்தல், தன்னையும் பிறரையும் புண்படுத்தாது உரைத்தல் என்பன அவை. இவ்வைந்தில் எதுவும் ‘நிறைவெய்தியவனாக இருத்தல்’ என்று சொல்லவில்லை என்பதை அன்பர்கள் உற்று நோக்குக. இவை சொல்லும் முறையையும் சொல்லுவோனின் நோக்கத்தையும் பற்றியவை. அருகதர்க்கு மட்டுமன்றி, ஐந்தாம் வகுப்புக்குப் பாடஞ் சொல்லுவோர்க்கும் இயலுவனவே இவை.

தாயும் தந்தையும்

நான்கு தொழில்களுள் கடினமானது நான்காவதே. நூலை மூடி வைக்கலாம், எழுத்தைத் திருத்தலாம், வகுப்புக்கு மணியடித்துவிடும். வீட்டிலோ மறைவிடம் இல்லை. எழுத்தறியாத பருவத்திலேயே பிள்ளைகள் பெற்றோரைப் படிக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து அழைக்கின்றார். தந்தை உள்ளறையில் இருந்துகொண்டு, ‘அப்பா இல்லையென்று சொல்லிவிடு’ என்று மகனிடம் மெல்லக் கூறுகின்றார். மகன் போய்ச் சொல்லிவிட்டு வருகின்றான். அன்று மாலை அவனே பள்ளியில் நடந்ததொன்றை மறைத்தால், ‘பொய் சொல்லலாமா?’ என்று அடி விழுகின்றது. இப்பிள்ளை கற்றது யாது? பொய் தீது என்பதையன்று. வலியவர் சொன்னால் பொய்க்குத் தண்டனையில்லை என்பதையே அவன் கற்றான்.

தந்தையாகவும் ஆசானாகவும் பகவான் நின்ற காட்சி மஜ்ஜிம நிகாயத்தின் 61-ஆம் சூத்திரத்தில் உள்ளது. இராகுலனுக்கு அப்போது வயது 7 என்பர் உரைகாரர். பகவான் அம்பலட்டிகைக்கு வந்தபோது இராகுலன் இருக்கையும் கால் கழுவ நீரும் அமைத்தான். பகவான் பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சமாக விட்டார், அதனை ஊற்றிவிட்டார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், பின்னர் நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். அறிந்தே பொய் கூற நாணாதவனின் துறவு அவ்வாறு சிறிதாகி, சிந்தப்பட்டு, கவிழ்ந்து, வெறுமையாகின்றது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். விளையாட்டுக்கும் பொய் பேசாத பயிற்சியை மேற்கொள்ளச் செய்தார். பிள்ளையின் கண்முன் இருந்த பாத்திரமே பாட நூலாயிற்று. அதட்டலும் இல்லை, அச்சுறுத்தலும் இல்லை.

அதன்பின் கண்ணாடி எதற்கென்று வினவி, கண்ணாடியில் முகம் பார்ப்பது போல ஒவ்வொரு செயலையும் மூன்று காலங்களில் பார்க்கச் சொன்னார். செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் என அவை மூன்று. உடலாலும் சொல்லாலும் செய்தது தனக்கோ பிறர்க்கோ துன்பம் தந்தது என்று பின்னர்த் தெரிந்தால், ஆசானிடமோ அறிவுடைய தோழரிடமோ அதனை வெளிப்படச் சொல்லி, இனிச் செய்யாதவாறு தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். தவறே நேராது என்று இப்பயிற்சி எண்ணவில்லை. நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே கற்பிக்கின்றது. இக்கண்ணாடியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே மட்டும் பிடிப்பவர் பலர். அது பெற்றோர் முகத்தையும் காட்டுமாறு வைக்கப்படும் வீட்டிலேதான் பிள்ளைகள் அதனை விரும்பிப் பார்க்கின்றனர்.

கேள்விக்கு உட்படுதல்

இப்போது நம் கேள்விக்கு விடை காணலாம். மழைக்கால வாசம் முடியும்போது பிக்குகள் பவாரணை என்னும் நிகழ்ச்சியை நடத்துவர். தம்மிடத்தில் குற்றம் கண்டிருந்தாலும், கேட்டிருந்தாலும், ஐயுற்றிருந்தாலும் இரக்கங்கொண்டு எடுத்துச் சொல்லுமாறு ஒவ்வொருவரும் சங்கத்தாரை வேண்டிக்கொள்வர். ஒரு முறை சாவத்தியில் ஐந்நூறு பிக்குகள் கூடியிருந்தபோது, இவ்வேண்டுகோளை முதலில் வெளியிட்டவர் பகவானே என்று சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. தம் செயலிலோ சொல்லிலோ குறைகூறத்தக்கது ஏதேனும் உண்டோவென்று அவர் தம் மாணாக்கரைக் கேட்டார். சாரிபுத்தர் எழுந்து, அத்தகையது ஒன்றுமில்லை என்று விடையளித்தார்.

குறையே இல்லாத ஆசான் தம் குறையைக் கேட்டார். அவ்வாறாயின், குறையுடைய நாம் கேட்காமலிருப்பது எவ்வாறு பொருந்தும்? கற்பிக்கும் உரிமை குறையற்றிருப்பதால் வருவதன்று. தான் கூறும் அறத்திற்குத் தானும் கட்டுப்பட்டவன் என்பதை ஒப்புக்கொண்டு, கற்பவரின் கேள்விக்கு உட்பட்டு நிற்பதால் வருவது. பொறுமையை வெல்லாதவனும் பொறுமையைக் கற்பிக்கலாம். ஆனால் ‘நீங்கள் மட்டும்?’ என்று கேட்கும் பிள்ளையின் வாயை மூடுகின்றவன் கற்பிக்கலாகாது. முன்னவன் பயிலுகின்றவன், பின்னவன் நடிக்கின்றவன்.

இதனால் மரியாதை கெடாதோ, பிள்ளைகள் அடங்காது போகாரோ என்று சிலர் அஞ்சுவர். மரியாதைக்கும் அச்சத்துக்கும் வேற்றுமையுண்டு. அச்சம் நாம் அறையை விட்டுச் சென்றதும் நீங்கிவிடும். மரியாதை நாம் உலகை விட்டுச் சென்றபின்னும் நிற்கும். மேலும், கேள்விக்கு உட்படுதல் என்பது பிள்ளை விரும்பியதற்கெல்லாம் இணங்குதல் அன்று. முன்னர்க் குறித்த அபயராஜகுமாரன் அன்று தன் மடியில் ஒரு பச்சிளங் குழந்தையை வைத்திருந்தான். அக்குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என் செய்வாய் என்று பகவான் வினவினார். இடக்கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரலை வளைத்து, இரத்தம் வரினும் அதனை எடுத்துவிடுவேன் என்றான் அரசகுமாரன். குழந்தையின்பாலுள்ள இரக்கமே அதற்குக் காரணம் என்றும் கூறினான்.

இவ்வுவமையைக் காட்டி அடிப்பதற்கு நியாயம் தேடலாகாது. அரசகுமாரனின் விரல் கல்லைத் தேடியது. தன் சினம் தீர வழி தேடவில்லை. இடக்கை தலையைத் தாங்கி நின்றது. கண்டிக்க வேண்டிய வேளையில் நம் இடக்கை எங்கே இருக்கின்றது என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இதனைச் செயலில் கொணர்வது அரிதன்று. திங்கள்தோறும் பௌர்ணமி உபோசத நாளில் பஞ்சசீலம் ஓதியபின், வீட்டார் சிறிது நேரம் ஒன்றாக அமர்க. பெரியவர்கள் முதலில் கேட்கட்டும்: ‘இம்மாதத்தில் என் சொல்லோ செயலோ உங்களைப் புண்படுத்தியதா?’ பிள்ளைகள் முதன்முறை கூசுவர். அடுத்த முறை பேசுவர். சில திங்கள் கழிந்தபின் தம்மைப் பற்றியும் அவர்களே கேட்பர். ஆசிரியரும் ஆண்டிறுதியில் தம் மாணாக்கரை இவ்வாறு கேட்கலாம். எழுதுவோர் தம் எழுத்தைக் குறைகாண வல்ல ஒரு நண்பரிடம் கொடுத்து, அவர் சொல்வதைச் சினமின்றிக் கேட்கலாம்.

நம் முன்னோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. அரும்பாடுபட்டு அதனைப் பெற்று நம் கையில் தந்தனர். எழுத்தை நம்பியே அவர்கள் விடுதலை தேடினர். வீட்டில் ஒன்றும் மேடையில் ஒன்றுமாகச் சொல் வழங்கப்படுவதைக் காணும் பிள்ளை, சொல் என்பது அணிகலன் என்றே முடிவு செய்யும்; பின்னர் எந்த நூலும் அதன் உள்ளத்தைத் தொடாது. சொன்ன சொல்லுக்குத் தந்தையும் தலைவணங்குகின்றார் என்று கண்ட பிள்ளையோ, அச்சொல்லைத் தன் வாழ்வுக்கும் உரியதாக ஏற்றுக்கொள்ளும். அத்தகைய வீடுகள் பெருகுமாறு நாம் முயல்வோமாக.